ராசிபுரத்து மொட்டை மாடியில் சனிக்கிரகத்தைத் தவறவிடுவது எப்படி?

தொலைநோக்கி வாங்கியவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துவிட்டால் பரணுக்கு என்ன வேலை? ராசிபுரத்து அன்பர்களுக்காகச் சில யோசனைகள்.

1. பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். முன்லென்ஸின் அகலத்தை மறந்தும் கேட்காதீர்கள். 60 மி.மீ. லென்ஸ், இருட்டில் நன்றாக விரிந்த கண்பாவையைவிட எழுபது மடங்கு ஒளியை வாரிக் கொண்டுவரும். கையில் இருக்கும் முதல் அவ்வளவுதான். அதை 525 மடங்குக்கு இழுப்பது, ஒரு கரண்டி ராசிபுரம் நெய்யை ஊர்ப் பந்திக்கே பரிமாறுவது மாதிரி. எல்லா இலையிலும் விழும், ஒருவருக்கும் மணக்காது. 60 மி.மீ.க்கு 120 மடங்கைத் தாண்டினால் பெரிதாவது மங்கல் மட்டுமே.

2. வகுத்தல் கணக்குப் போடாதீர்கள். முன்லென்ஸின் குவியத்தூரத்தைக் கண்லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். முன்லென்ஸின் 700 மி.மீ.யைக் கண்லென்ஸின் 25 மி.மீ.யால் வகுத்தால் 28. "வெறும் இருபத்தெட்டா?" என்று அந்த லென்ஸை ஓரங்கட்டிவிட்டு, 4 மி.மீ. லென்ஸோடு, உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் மாட்டுங்கள். சனியைத் தேடுவதிலேயே ராத்திரி போய்விடும். அகப்பட்டாலும், பூமி சுழல்கிற வேகத்தில் அரை நிமிடத்துக்குள் நழுவிவிடும்.

3. பிம்பம் எங்கே விழுகிறது என்று பார்த்துத் தொலைக்காதீர்கள். நிலா நாளில் கண்லென்ஸையும் மூலைக்கண்ணாடியையும் கழற்றிவிட்டு, குழாய்க்குப் பின்னால் பட்டர் பேப்பரை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் ஆறரை மி.மீ. நிலா கறைகளோடு தலைகீழாக வந்து உட்காரும். முன்லென்ஸ் செய்யும் வேலை இதுதான். அந்தக் குட்டி நிலாவைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடிதான் கண்லென்ஸ். இது தெரிந்துவிட்டால், "தலைகீழாகத் தெரியுது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது.

4. போதமலை உச்சியில் ஒரு மரத்தைக் குறிவைத்துப் குழாய்மேல் இருக்கும் சின்னத் தேடுகுழலைப் பகலிலேயே சரிசெய்யும் கெட்ட பழக்கம் வேண்டாம்.

5. சித்திரை வெயிலில் காய்ந்த தளத்தில், பொழுது சாய்ந்த கையோடு கடையை விரியுங்கள். கான்கிரீட்டிலிருந்து எழும் சூட்டுக்காற்றில் கிரகத்தின் விளிம்பு நெளிந்துகொண்டே இருக்கும். பழியைச் சனி பகவான்மேல் போடலாம்.

6. ஜவ்வாது மலைக் காவலூர்ப் பக்கம் தலைவைக்காதீர்கள். 1986இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதை அழைப்பதே ஆடியின் அகலத்தைச் சொல்லித்தான்: 2.34 மீட்டர். ஆடி குவிக்கும் பிம்பம் நேரே கேமராவிலும் நிறமாலைக் கருவியிலும் விழுவதால், 'எத்தனை மடங்கு' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

7. இதில் மட்டும் கேலி இல்லை: சூரியன் பக்கம் குழாயைத் திருப்பிக் கண்ணை வைக்காதீர்கள். கண்லென்ஸில் திருகும் கறுப்புக் கண்ணாடியை நம்பவே நம்பாதீர்கள். சூட்டில் விரிசல் விட்டால் பார்வை போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் வளையத்தைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள், தளம் ஆறும்வரை காத்திருந்து, சனி உயரே ஏறியதும் 25 மி.மீ. லென்ஸில் பிடித்து 10 மி.மீ.க்கு மாறுங்கள். எழுபது மடங்கே தாராளம். இனி வாங்கப்போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: முன்லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர்?