ஒரு ராத்திரிக்கு மட்டும்

வாடா பேராண்டி. அம்மாடி, நீயும் இப்படித் திண்ணையில உக்காரு. போன்ல காட்டின போட்டோவெல்லாம் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டும் பார்த்தேன், கழட்டிட்டும் பார்த்தேன். ஒரே வண்டி. அதுக்குள்ளயே கட்டிலு, அடுப்பு, கக்கூசு. காலையில கோல்மார், மத்தியானம் ரிக்வீர், சாயந்திரம் ரைன் ஆத்துப் பாலத்தைத் தாண்டினா ஜெர்மனியில பிரைசாக். ஒரே நாள்ல ரெண்டு தேசம்னு ஒரு பூரிப்பு. இருக்கட்டும். நான் பாகூர்ல இருந்து மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கக் கடலூர் போனாலே பாண்டி எல்லையைத் தாண்டிட்டுத்தான் வரேன். அதுக்கு யாரும் லைக் போட்டதில்ல.

வாடகை எவ்வளவுன்னு கேட்டேன். உன் புருஷன் இருமினான். புரிஞ்சு போச்சு, விட்டுட்டேன்.

ஆனா அத்தனை போட்டோவுல ஒண்ணு மட்டும் காணோமே? அந்தக் கக்கூசு டப்பாவை யாரு காலி பண்றது? அங்க ஊரூருக்கு ‘எய்ர்’னு ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்களாம். நல்ல தண்ணி பிடிச்சுக்கலாம், அழுக்குத் தண்ணியை விட்டுக்கலாம், டப்பாவையும் கவுத்துக் கழுவிக்கலாம். எதிர்வீட்டு சொல்தா சொன்னாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குறவரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த வீட்டுல குடிச்ச டம்ளரைக் கூட எடுத்து வெக்காத பய, பிரான்சு தேசத்துல வரிசையில நின்னு அதைக் கழுவியிருக்கான். அம்மாடி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடணும்.

இப்ப என்னடான்னா இங்கயும் அப்படி ஒரு வண்டி பிடிச்சு, சின்னச் சின்ன ஊரா பார்க்கப் போறோம்ன்றீங்க. பேஷா போங்க. மலையாளத்துல 2021-லயே ‘கேரவன் கேரளா’ன்னு அரசாங்கமே திட்டம் போட்டாச்சு. வண்டி கிடைக்கும். எந்த ஊருக்குப் போறதுன்னுதான் கிழவன் ரெண்டு வார்த்தை சொல்றேன். பாண்டியில இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ஒரே ரோடு. பாஸ்போர்ட் வேணாம். பிரான்சுல கிளம்பி இங்கிலாந்து, போர்ச்சுக்கல், டென்மார்க், மறுபடி பிரான்சு, கடைசியில ஆலந்து. வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பினா ஒரே பகல்ல முடிஞ்சிடும்.

வெள்ளைக்காரத் தெருவுல இருந்து மட்டும் கிளம்பாதே. அந்தச் சந்துல உன் வண்டி திரும்பாது. சனி, ஞாயிறுல பெங்களூர்க் காருங்க நிக்கவே இடமில்ல. சாயந்திரம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில தடுப்பு போட்டுடுவாங்க. மஞ்சச் சுவரு முன்னாடி போட்டோ எடுத்துக்கணும்னா சுவத்தை மட்டும் எடு, கல்யாண ஜோடிங்க வரிசையில நிக்கிறாங்க. ரிக்வீர்ல மத்தியானம் கடையெல்லாம் மூடிக் கிடந்துதுன்னு அலுத்துக்கிட்டியே, நம்ம ஊர்ப் பழைய கடைக்காரங்க எங்க கத்துக்கிட்டாங்கன்னு நினைச்சே? ஒரு மணி ஆனா ஷட்டரை இறக்கிட்டுத் தூங்கப் போயிடுவாங்க. மூணு வேளையும் யாவாரம் பார்க்குறவன் நேத்து வந்தவன்.

முள்ளோடை தாண்டினா ஆல்பேட்டை சாவடி. வண்டிக்குள்ள குளிர்பெட்டி இருக்குதுன்னு நாலு பாட்டிலை அடுக்கிட்டுப் போயிடாதே. போலீஸ்காரன் கட்டில் மெத்தையையும் தூக்கிப் பார்ப்பான். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. சொல்தா சொன்னாரு.

அப்புறம் கடலூரு. தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல இங்கிலீசுக் கும்பினிக்காரன் மராட்டியர்கிட்ட அதை வாங்கினான். கோட்டையோட போனாப் போகுதுன்னு பார்த்தா, கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு எங்க போய் விழுதோ அதுவரைக்கும் எங்களுதுன்னு பேச்சு. சும்மா சுட்டானா? நல்லாத் தூரம் போற பீரங்கியாத் தேடிக் கொண்டாந்து சுட்டான். குண்டு விழுந்த ஊரெல்லாம் குண்டு கிராமம் ஆச்சு. நம்ம ஆளு கயிறு பிடிச்சு அளந்துதான் கொடுப்பான். அவன் நெருப்பு வெச்சு அளந்தான். பத்திரம் எழுதும்போது அளவைப் படிச்சுப் பார்க்கணும்னு இங்க இன்னிக்கும் பெரியவங்க சொல்றது சும்மா இல்ல.

பி.முட்லூர்ல இடது பக்கம் திரும்பினா பறங்கிப்பேட்டை. அந்தத் திருப்பத்துலதான் உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரும். மேப்புக்குள்ள இருந்து ஒரு பொம்பளை திரும்புன்னா திரும்புவான், பக்கத்துல இருக்கிறவ சொன்னா ‘எனக்குத் தெரியும்’பான். பறங்கிப்பேட்டை போர்ச்சுக்கீசுக்காரன் இறங்கின துறை. 1781-ல ஐதர் அலியும் இங்கிலீசுத் தளபதி கூட் தொரையும் மோதிக்கிட்டதும் இங்கதான். வெள்ளாறு கடல்ல சேர்ற இடத்தைப் பாரு, மீன் சாப்பிடு, கிளம்பு.

நின்னு பார்க்க வேண்டியது தரங்கம்பாடி. டென்மார்க்குக்காரன் 1620-ல வந்து தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட இடம் கேட்டான். நாயக்கர் தங்க ஓலையில தமிழ்ல எழுதி டென்மார்க் ராஜாவுக்கே அனுப்பினாரு. கோபன்ஹேகன்ல இன்னும் பத்திரமா வெச்சிருக்காங்க. நம்ம வீட்டுப் பட்டா எங்கன்னு கேளு, உங்கப்பனுக்குத் தெரியாது. கடலோரமா டான்ஸ்போர்க் கோட்டை, ராஜ வீதி, ராணி வீதி, ஊர் வாசல்ல பெரிய கதவு. கப்பம் கட்டிக்கிட்டு இருந்தவன் கடைசியில 1845-ல என்ன பண்ணான் தெரியுமா? வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்ச ரூபாய்க்கு இங்கிலீசுக்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டான். குடி இருந்தவன் வீட்டை வித்த கதை வேற எங்கயாவது கேட்டிருக்கியா?

அந்த ஊர்ல ஒருத்தரை மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன். சீகன்பால்கு ஐயரு. 1706-ல வந்து இறங்கி, சின்னப் பசங்களோட உக்காந்து தமிழ் கத்துக்கிட்டாரு. அவரை அனுப்பின டென்மார்க்குக்காரங்களே அவரைக் கோட்டைக்குள்ள அடைச்சும் வெச்சாங்க. அப்படியும் 1715-ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சுட்டாரு. ஜெர்மன்காரருக்கு அவ்வளவு வந்துது. நாளைக்கு உங்களுக்குப் பொறக்கறது ‘தாத்தா’ன்னு எழுதுமா? சும்மா கேட்டேன், முகத்தைத் தூக்காதே.

நண்டலாறு தாண்டினா காரைக்கால். நம்ம யூனியன்தான், நடுவுல தமிழ்நாடு புகுந்துக்கிச்சு. 1739-ல தஞ்சாவூர் மராட்டியர்கிட்ட இருந்து பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்தது. அம்மையார் கோயிலுக்குக் கண்டிப்பாப் போங்க. ஒரு மாம்பழத்துக்குக் கணக்குக் கேட்ட புருஷன் ஊரைவிட்டே ஓடின ஊரு. ஆனி மாசம் போனா மாங்கனித் திருவிழாவுல மாடியில நின்னு பழத்தை வீசுவாங்க. அம்மாடி, ரெண்டு கிடைச்சா அங்கயே ஆளுக்கொண்ணு தின்னுடுங்க. ஒரே கட்டில் இருக்கிற வண்டியில கணக்கு வழக்கு ஆகாது.

வாஞ்சூர் தாண்டினா நாகப்பட்டினம். 1658-ல ஆலந்துக்காரன் போர்ச்சுக்கீசுக்காரனைக் கிளப்பினான், 1781-ல இங்கிலீசுக்காரன் ஆலந்துக்காரனைக் கிளப்பினான்.

ராத்திரிக்கு வண்டியை எங்க நிறுத்துவீங்க? பிரான்சுல மாதிரி ஒதுக்கின இடம் இந்த ரோட்டுல கிடையாது. கோயில் திடல்லயோ குளத்தங்கரையிலயோ நின்னு ‘ஒரு ராத்திரிக்கு மட்டும்’னு கேப்பே. அங்கிருக்கிற பெருசு உன்னை மேலயும் கீழயும் பார்க்கும். கோவிச்சுக்காதே. இந்தக் கரையில வந்தவன் அத்தனை பேரும் முதல்ல அதைத்தான் கேட்டான். சரக்கு இறக்க ஒரு கொட்டாய், கப்பல் நிறுத்த ஒரு துறை, அவ்வளவுதான். நம்ம பாண்டியிலயும் பிரெஞ்சுக்காரங்க அப்ப இங்க ஆண்ட ஷேர்கான் லோடிகிட்ட அப்படித்தான் இடம் வாங்கினாங்க. ஆலந்துக்காரனும் இங்கிலீசுக்காரனும் நடுநடுவுல கிளப்பிக் கிளப்பிப் பார்த்தாங்க, திரும்பித் திரும்பி வந்து உக்காந்துட்டாங்க. வண்டியை எடுங்கப்பான்னு சொல்ல 1954-ல கீழூர்ல 178 பேரு கூட வேண்டியிருந்தது. எனக்கு அப்ப அரைக்கால்சட்டை வயசு. அதுலயும் 8 பேரு, இருந்துட்டுப் போகட்டுமேன்னு ஓட்டுப் போட்டாங்க. நவம்பர் 1-ந் தேதி கிளம்பிட்டேன்னாங்க. கிளம்புறேன்னு எந்திரிச்ச சம்மந்தி வாசல்ல நின்னு பேசுற மாதிரி, காகிதமெல்லாம் முடிஞ்சு கணக்கு தீர 1962 ஆச்சு.

அதனால அலையாதீங்க. திரும்பி வந்து நம்ம களத்துமேட்டுலயே நிறுத்திக்கோங்க. குழாய் இருக்குது, கழுவுறதுக்கு வாய்க்காலோரம் போகாதே, ஊரே அடிக்க வரும். காசு வேணாம். ஆனா பேச்சு சொல்தா முன்னாடிதான் நடக்கும், ஓலை, பத்திரம் எதுவும் எழுத மாட்டேன். பொழுது விடிஞ்சதும் வண்டியை எடுத்துடணும். நெல்லு காயப் போடணும்.