வாவியைக் கடந்தால் அரை மணித்தியாலம்

கேள்வி: 2001இல் பிறந்த மகளின் பிறந்த நேரத்தை உலக நேரத்துக்கு மாற்ற 5:30ஐக் கழித்தேன். மென்பொருள் அதைவிட அரை மணித்தியாலம் முந்திய நேரத்தைக் காட்டுகிறதே? இலங்கையில்தான் கோடை நேரமே இல்லையே!
- வாசகர், காத்தான்குடி

பதில்: மகள் சரியான நேரத்துக்குத்தான் பிறந்திருக்கிறார், இடம் மாறியது கடிகாரம்! 1996 மே 25இல், மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக நாடே ஒரு மணித்தியாலம் முன்னே போய் 6:30 ஆனது. ஒக்டோபர் 26இல் 6:00. பழைய 5:30 திரும்பியது 2006 ஏப்ரல் 15இல்தான். எனவே 2001க்கு 6:00ஐக் கழியுங்கள். இன்னும் நல்லது, எண்ணையே எழுதாமல் ‘ஆசியா/கொழும்பு’ என்ற நேர வலயத்தைக் கொடுப்பது. இந்த மாற்றங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

2006இல் அந்த இரவு 12:30க்குக் கடிகாரம் மீண்டும் 12:00க்குப் போனது. அன்று 12:15 இரண்டு முறை வந்தது! அதனால், மாற்றிய பிறகு உலக நேரத்திலேயே சேமியுங்கள்.

நம் மட்டக்களப்பு வாவிக்கு ஒரு தனிக்கதை. அந்த ஆண்டுகளில் அக்கரையில், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த படுவான்கரைப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. தோணியேறினால் அரை மணித்தியாலம் இளமையாகி இறங்கலாம்! கொழும்பு வலயத்தில் அது கிடையாது. அக்கரையில் பிறந்தவரென்றால், எந்தக் கடிகாரம் என்று அவருடைய உம்மாவிடமோ அம்மாவிடமோதான் கேட்க வேண்டும்.