எங்கவிட்டார்

“158 ஓ? நல்லது, நல்லது. அப்ப அந்த 42 ஐ எங்க விட்டவ?”

குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த பிள்ளையைக் கேட்கிற மாதிரித்தான் கேட்பார். குரலில் கோபம் இராது, குத்தல் இராது. உண்மையாகவே அக்கறைதான். இப்போதே ஓடினால் அந்த 42 ஐயும் கோண்டாவில் டிப்போவில் போய் எடுத்துவரலாம் என்பது போன்ற ஒரு பரபரப்பு. பிள்ளை பரீட்சையில் 158 புள்ளி எடுத்திருக்கிறதே என்றால், எடுத்தது எடுத்ததுதான், அது எங்கும் போகாது. விட்டதையல்லவா தேட வேண்டும் என்பது அவருடைய கட்சி.

எங்கள் ஒழுங்கையில் இருப்பவரை நான் மாமா என்று கூப்பிடுகிறேன், பிள்ளைகள் தாத்தா என்கிறார்கள். பக்கத்து வீட்டார், முன்வீட்டார் வரிசையில் என் மனைவி வைத்த பெயர் எங்கவிட்டார். உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னேரம் ரியூசன் விடுகிற நேரம் பார்த்துப் படலையடியில் நிற்பார். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவதாகப் பெயர். அந்தப் பூக்கன்று வெள்ளத்தில் அழுகிச் செத்துப்போய் இரண்டு வருடம்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் புத்தகப்பையை ஐம்பது யார் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படித் தோள் சரியாது. “இண்டைக்குப் பேப்பர் கிளாஸோ? எத்தினை?” என்பார். பிள்ளை 87 என்று சொல்லி வாய் மூடுமுன் 13 வந்துவிடும். கழித்தலில் அவரை வெல்ல இலங்கையில் ஆளில்லை. ஒருமுறை என் மகளின் சிநேகிதி மாதிரி வினாத்தாளில் நூற்றுக்கு நூறு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. தேட ஒன்றுமில்லாமல் போனால் மனிதன் என்ன செய்வான்? கடைசியில் கேட்டார்: “பேப்பர் லேசோ பிள்ளை?”

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் பின்னேரக் கணக்கு ஒரு சதம் இடிக்காமல் மூடியவர். ஐந்து ரூபாய் குறைந்த ஒரு நாள், இரவு ஒன்பது மணிவரை மேசைக்குக் கீழே ரோர்ச் அடித்துத் தேடினாராம். அந்த ரோர்ச்சைத்தான் இப்போது ஒழுங்கைப் பிள்ளைகளின் முகத்தில் அடிக்கிறார். மாமி தட்டில் எட்டு வடை கொண்டுவந்து வைத்தாலும், “பத்தெல்லோ சுட்டனீர், ரெண்டை எங்க விட்டனீர்?” மாமிக்குக் காது கேளாது. அல்லது கேளாது என்று முடிவுசெய்து பல வருடமாகிறது.

என் மகள் எழுதியது 2024 இல். அந்த வருடப் புலமைப்பரிசில் பரீட்சையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்க மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். காலையில் பாடசாலை வாசலில் நிற்கிறோம், மகளின் சட்டையில் குத்தியிருக்க வேண்டிய சுட்டெண்ணைக் காணவில்லை. நான் பையைக் கவிழ்க்கிறேன், மனைவி அழத் தொடங்குகிறாள். இரண்டு சீவிய பென்சிலும் ஒரு தோடம்பழ இனிப்புமாக வாழ்த்துச் சொல்ல வந்து நின்ற மாமா குனிந்து கேட்டார்: “எங்க விட்டவ?”

“மேசையில, தாத்தா.”

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான மறுமொழி கிடைத்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். எழுபத்தொரு வயது மனிதர் சைக்கிளை எடுத்தார். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, வேட்டி சங்கிலியில் மாட்டிக் கிழிந்து, சுட்டெண்ணை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கிய வாங்கலில், அவருக்கு ஏதும் ஆகிவிட்டால் மாமிக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

இப்படிப்பட்டவரை எப்படி வெறுப்பது? பின்னேரம் வரை எனக்கு அவரில் அன்பு பொங்கியபடியே இருந்தது. பின்னேரம் வினாத்தாளும் சிவப்புப் பேனையுமாக எங்கள் விறாந்தையில் வந்து இருந்தார்.

பிறகுதான் வினாக்கள் முன்கூட்டியே வெளியே போன கதை வந்தது. பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். திருத்தும் வேலை நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பெறுபேறு ஜனவரி வரை இழுபட்டது. மற்றவர்களுக்கு அது நாலு மாதக் காத்திருப்பு. மாமாவுக்கு அது நாலு மாதக் கணக்கெடுப்பு. “ரிசல்ட் வராட்டில் என்ன, எத்தினை விட்டிருப்பா எண்டு பார்க்கலாம்தானே?” மார்கழி வரைக்கும் 36 என்று நின்றார். டிசெம்பர் 31 அன்று, வெளியே போன மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த நாள், வருடப்பிறப்பென்றும் பாராமல், படலையில் கை வைத்தபடி நின்றார்.

“தம்பி, கோர்ட் குடுத்தது இனாம். ரிசல்ட் வந்தால் அந்த மூண்டையும் கழிச்சுத்தான் நீர் எனக்குச் சொல்லவேணும்.”

உயர் நீதிமன்றத்துக்கு மேலே இலங்கையில் ஒன்றுமில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

மகள் 158. எங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாள். நான் வேலையிலிருந்து வந்தபோது கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். எத்தனை என்று கேட்டேன். “42 விட்டிட்டன் அப்பா,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஒழுங்கை முடிவில் இருக்கிற பையன் 96 எடுத்திருந்தான். அப்பா இல்லை, அம்மா தையல். பேப்பர் கிளாஸ், கருத்தரங்கு ஒன்றும் அறியாத பிள்ளை, ரியூசன் மதிலுக்கு வெளியே நின்று கேட்டுப் படித்தது. 70 தாண்டினாலே நாங்கள் கைதட்டுகிறோம், அவன் தனியே நின்று 96 எடுத்திருக்கிறான். மாமா அவன் காதுபட என்னிடம் சொன்னார்: “எடுத்ததை விட விட்டது கூட.” கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டுவந்த நாற்பதுகளில் புலமைப்பரிசில் என்று ஒன்றை வைத்ததே இப்படிப்பட்ட பிள்ளையை நல்ல பாடசாலைக்கு ஏற்றிவிடத்தான். உதவிப்பணம் அண்மை வரைக்கும் மாதம் 750 ரூபாய். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் அதை 1,500 ஆக்கினார்கள். நான் மகளின் ரியூசனுக்கு அதைவிடக் கூடக் கட்டியவன். அப்படியிருந்தும் பரீட்சை முடிந்து பாடசாலை வாசலில் அவள் வெளியே வந்த உடனே நான் கேட்ட முதற்கேள்வி “பசிக்குதோ?” அல்ல, “எந்தக் கேள்வி பிழைச்சது?” ஆகவே மாமாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

மாமா, அது சரியில்லை. பத்து வயதுப் பிள்ளைகள். என் மகள் இப்போது ரியூசனுக்குப் பின்பக்க ஒழுங்கையால், நாய் இருக்கிற வீட்டைத் தாண்டிப் போய்வருகிறாள். அவளுக்கு நாய் என்றால் பயம்.

சின்னவனுக்கு அடுத்த வருடம் பரீட்சை. அவன் அக்காவைப்போல இல்லை, சுட்டெண்ணோடு சேர்த்துச் சப்பாத்தையும் விட்டுவிட்டுப் போகக்கூடியவன். அதனால் காலமையே சைக்கிளோடு வாங்கோ மாமா, பென்சிலும் கொண்டு வாங்கோ. ரிசல்ட் வாற அண்டைக்கு மட்டும் வீட்டுக்குள்ள இருங்கோ. மாமியிட்டச் சொல்லி வடை குடுத்துவிடச் செய்யிறன். பத்தும் இருக்கும்.