பாத விச்ராந்தி நிர்ணயம்: பெர்த் நகரத்து வருஷாந்தர சபை பற்றிய ஒரு விசாரம்

ஒரு சபை வருஷத்துக்கொரு முறை ஏன் கூடுகிறது என்று கேட்டால், வரவு செலவுக் கணக்கை அங்கீகரிக்கவும் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவும் என்று சொல்லி, அத்துடன் விசாரத்தை முடித்துக்கொள்வோர் உலகில் மிகுதி. அன்னாரின் கூற்றைப் பூர்வபட்சமாக வைத்து, ராயல் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சொசைட்டி என்னும் நடன சபை, ஸ்காட்லாந்தின் புராதன நகரங்களுள் ஒன்றாகிய பெர்த்தில் நவம்பர் மாதத்து வாரக்கடைசியில் பலமுறை நடத்தியுள்ள வருஷாந்தரக் கூட்டத்தை உதாரணமாகக் கொண்டு, பொதுக்கூட்டம் என்பது இரண்டு இரவு ஆட்டங்களுக்கு நடுவே கால்களுக்கு ஓய்வளிக்கவே ஏற்பட்டது என்ற சித்தாந்தத்தை ஸ்தாபிப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

சபையின் உற்பத்தியே நமக்கு அனுகூலமானது. 1923 நவம்பரில் கிளாஸ்கோவில், தேகப்பயிற்சி ஆசிரியையான ஜீன் மில்லிகனும் இஸொபெல் ஸ்டூவர்ட் என்ற சீமாட்டியும் முன்னின்று, மறைந்துகொண்டிருந்த ஆடல்களைக் காப்பாற்றவென்று இதைத் தொடங்கினார்கள். 'ராயல்' என்ற அடைமொழி 1951-ல்தான் வந்து சேர்ந்தது. ஆடுவதற்கென்று பிறந்த சபை உட்காருவதற்கென்று கூடுகிறது என்பது எவ்வாறு பொருந்தும்?

இனிப் பிரத்தியட்சம். வெள்ளிக்கிழமை இரவு மண்டபத்தில் நான்கு நான்கு ஜோடிகளாக, ஆடவர் ஒரு புறமும் மகளிர் எதிர்ப்புறமுமாக வரிசை கட்டி நிற்க, அக்கார்டியனும் பிடிலும் முதல் நாதத்தை எழுப்பியதும் ஒருவருக்கொருவர் வணங்கி ஆட்டம் தொடங்குகிறது. பெரும்பாலான ஆடல்களில் ஒரு சுற்றுக்கு 32 தாளக்கட்டு. எட்டுச் சுற்றுக்கு 256. ஓர் இரவுக்குப் பதினெட்டு ஆடல் என்று வைத்துக்கொண்டால் 4,608. தம் முறைக்குக் காத்து நிற்கும் நேரத்தைத் தாராளமாகக் கழித்துவிட்டாலும், எஞ்சுவது ஓய்வூதியம் பெறும் வயதினர் பலரும் நிறைந்த ஒரு கூட்டத்துக்குச் சாமானியமான தொகையன்று. ரீல், ஜிக் என்னும் ஆடல் வகைகள் துள்ளலானவை. அவற்றுக்கிடையே வரும் ஸ்ட்ராத்ஸ்பே மந்தகதியுடையதாகையால் இளைப்பாறத்தக்கது என்று கருதுகிறவர், நுனிக்காலில் உடலைத் தாங்கி, காலை மெல்ல இழுத்துச் செல்லும் அந்த ஆடலை ஒரு முறையேனும் ஆடியறியாதவர். மறுநாள் காலையில் ஆடியவருடைய ஆடுசதையைக் கேட்டால் தெரியும்.

அனுமானத்துக்கு அந்த ஊரின் சரித்திரமே போதும். ஸ்காட்லாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னன் பெர்த்தில் தங்கியிருந்தபோது, தன் டென்னிஸ் பந்துகள் அடிக்கடி உருண்டு விழுந்து காணாமற்போகின்றன என்று சாக்கடையின் வாயை அடைத்துவிடச் செய்தான். 1437 பிப்ரவரியில் கொலையாளிகள் இரவில் புகுந்தபோது, தப்புவதற்கு அதே சாக்கடையில் இறங்கி, வெளியேற வழியின்றி மாண்டான். ராஜ்யகாரியத்துக்கு மேலாக விளையாட்டு நின்ற ஊர் இது. அங்கே சபையின் அலுவல் மட்டும் ஆட்டத்துக்கு முன்னால் நிற்குமோ?

சப்தப் பிரமாணமாக, சபை 1945-ல் அச்சிட்ட ஐம்பத்தோராம் டிவிஷன் ரீலைக் கூறலாம். 1940-ல் பிரான்ஸில் பிடிபட்ட ஸ்காட்லாந்துச் சேனாவீரர்கள் ஜெர்மானியச் சிறைமுகாமில் அமைத்த ஆடல் அது. அதன் குறிப்பைக் கடிதத்தில் கண்ட ஜெர்மானியர், ஏதோ ரகசியச் சங்கேதம் என்று எண்ணித் தலையை உடைத்துக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆடல் குறிப்புகளை ஒரு முறை பார்த்தவர்கள் ஜெர்மானியரைக் குறை கூறமாட்டார்கள். சிறையிலேயே ஆடியவர்கள் செயலாளரின் அறிக்கைக்காகவா ஊர் விட்டு ஊர் வரப்போகிறார்கள்?

ஓய்வுதான் வேண்டுமென்றால் விடுதி அறையில் படுத்திருக்கலாகாதோ என்று ஆட்சேபிக்கலாம். கட்டிலில் சாய்ந்தவர் சாயங்காலம் எழுந்திரார். பொதுக்கூட்டத்து நாற்காலியோ காலுக்கு ஓய்வு தரும், ஆளை முழுதும் உறங்கவிடாது. இதனாலேயே, சந்தாவை உயர்த்தும் தீர்மானத்தை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசி, யாவராலும் தொல்லை என்று கருதப்படும் உறுப்பினர், நம் சித்தாந்தப்படி பெரிய பரோபகாரியாகிறார்; அவர் எழுப்பும் ஒவ்வோர் ஒழுங்குப் பிரச்னையும் முந்நூறு முழங்கால்களுக்கு ஒற்றடம்.

ஐயமுள்ளவர் கடைசி வரிசையில் அமர்ந்து, மேடையை விடுத்து நாற்காலிகளின் அடியில் நோக்குவாராக. பொருளாளர் எழுந்ததும் குதிகள் மெல்லப் பாதரட்சையைவிட்டு வெளிவருகின்றன. மடியிலுள்ள பையிலிருந்து, கில்லி என்று வழங்கும் குதியற்ற மெல்லிய தோற்செருப்பு ஒன்று வெளிவர, அதன் நீண்ட கயிற்றின் பிரிந்த நுனியை ஒரு மூதாட்டி உமிழ்நீர் தொட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறாள். வேறு விஷயம் ஏதேனும் உண்டா என்று தலைவர் கேட்கிறார். ஒருவரும் வாய் திறப்பதில்லை. வரிசை வரிசையாகக் கால்கள் மட்டும் தத்தம் பாதரட்சைகளைத் தேடித் தரையைத் துழாவுகின்றன.