பொய்கொட் துரை

கேள்வி: ரயில், ஆஸ்பத்திரி, கம்பஸ் எங்கும் பகிஷ்கரிப்பு! ஆங்கிலத்தில் 'பொய்கொட்' என்கிறார்களே, அதில் பொய் ஏதும் உண்டா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பொய் இல்லை, ஆள் நிஜம். சார்ள்ஸ் பொய்கொட், அயர்லாந்தின் மேயோவில் ஏர்ன் பிரபுவின் காணிகளுக்குக் குத்தகை அறவிட்ட துரை. 1880இல், கேட்ட அளவுக்குக் குத்தகையைக் குறைக்காமல், குடியானவர்களைக் கிளப்பப் பார்த்தார். ஊரே அவரோடு கதைப்பதை நிறுத்தியது. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வேலையாட்கள் வயலில் இறங்கவில்லை. கிழங்கு கிண்ட வெளியூரிலிருந்து 50 பேர், அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய 1,000 துருப்புகள்! விளைச்சலின் பெறுமதியைவிடக் காவல் செலவு பல மடங்கு. அந்த வருடமே அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. இத்தனைக்கும் மனுஷன் பகிஷ்கரித்தவர் அல்லர், பகிஷ்கரிக்கப்பட்டவர்.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பேச்சைக் கேட்டு, அரசாங்க சபைத் தேர்தலில் வடக்கின் நான்கு தொகுதிகளை வெறுமையாக விட்டார்கள். கொழும்பில் சபை தன்பாட்டில் நடந்தது. 1934இல் இடைத்தேர்தல் வைத்துத்தான் அந்தக் கதிரைகள் நிரம்பின.

ஒன்று, பகிஷ்கரிப்புக்குக் கூட்டம் வேண்டும். காலி வீதிச் சேலைக்கடையில் 'கடைசி விலை' கேட்டுவிட்டு நீங்கள் தனியே எழும்பி நடப்பது இதில் சேராது. அது பேரம்!