பரண்மேல ஏறு தாயி, போனைக் கீழ வை

என்ன தாயி, இந்த வாரமும் போன்லயே தேடிக்கிட்டு இருக்கியாம்ல, எதை உடுத்துறது, எப்பிடி உடுத்துறதுன்னு? தேடு, நல்லாத் தேடு. எந்த ஊருக்காரி வீட்டு ஜன்னல் திரையையோ பாத்து நம்ம வீட்டு மெத்தைக்கு உறை வாங்கி, வந்து சேந்த அன்னைக்கே நிறம் சரியில்லன்னு திருப்பி அனுப்பி, பாவம், அந்தக் கொரியர் தம்பிக்கு நம்ம தெரு மனப்பாடம் ஆயிப்போச்சு. அந்தப் பையன் தேய்க்கிற டயருக்காகவாவது நாலு வார்த்தை சொல்றேன். காரைக்குடிப் பக்கம் தையல் மிஷின்ல உக்காந்தே தலை நரைச்சவன் நான். கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போ. எனக்குக் காஜா எடுக்குற வேலை கெடக்கு.

மொதல்ல குனிஞ்சு தரையைப் பாரு. ஆத்தங்குடிக் கல்லு. அதுக்குச் சூளையும் கெடையாது, நெருப்பும் கெடையாது. கண்ணாடி மேல அச்சை வச்சு, கட்டம் கட்டமாச் சாயச் சிமெண்டை ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணியில ஊறவச்சு, காய விடுறதுதான். கண்ணாடி மேல வாத்தெடுத்ததால அந்த வழவழப்பு. இதெல்லாம் உனக்கும் தெரிஞ்சிருக்கும், போன்ல வந்திருக்கும். ஆனா எல்லாரும் பூவைத்தான் பாக்காக. நீ பூ இல்லாத எடத்தைப் பாரு. சுத்தி ஒரு வரிசை ஓரக்கல்லு, அதுக்குள்ள வெறும் நிறக்கல்லு, நடுவுல மட்டும் பூ. சேலைக்குக் கரை, உடல், முந்தி மாதிரி தரைக்கும் பிரிச்சு வச்சிருக்கான் கொத்தன். நீ என்னடான்னா, போன கல்யாணத்துக்குப் பூப்போட்ட சேலை, அதுக்குப் பூப்போட்ட ஜாக்கெட்டு, கையில ஆரிப் பூ, தலையில மூணு மொழம். இன்னும் ஒரு மாலை போட்டிருந்தா சப்பரத்துல ஏத்தித் தெருச் சுத்தி வந்திருப்பாக.

உங்க அப்பத்தா கட்டுன கண்டாங்கியை நினைச்சுப் பாரு. மொத்த நூலு, அரக்கு, மஞ்சள், கருப்பு, அகலக் கரை. அவ்வளவுதான் சரக்கு. கொசுவத்தைப் பின்னால வச்சு, கணுக்காலுக்கு மேல தூக்கிக் கட்டுவாக. துணியை மிச்சம் பிடிக்க இல்ல. அடுப்படிக்கும் கெணத்தடிக்கும் ஓடணும், முன்னால கொசுவம் தட்டக் கூடாது, கரையும் மண்ணுல பொரளக் கூடாது. வேலைக்குத் தோதாக் கட்டுனது, பாக்கவும் லெச்சணமா இருந்துச்சு. 2019ல அந்தச் சேலைக்குப் புவிசார் குறியீடு கெடைச்சுது. ஒடனே நீங்கள்லாம் கண்டாங்கி கட்டிப் படம் போட்டீக. அதுக்கு மொத நாள் வரைக்கும் உங்க வீட்ல அது பானை எறக்குற கரித்துணி. நான் பாத்தேன், இல்லன்னு சொல்லாத.

சரி, உடுத்துற தினுசு பாக்கப் பழைய பத்திரிகை வேணும்னு முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடையில வெலை கேட்டியாமே. பீங்கான் அடுக்குக்கும் பழைய கதவுக்கும் நடுவுல, பேப்பர் சுருள்ற தீபாவளி மலரைத் தூக்கிக்கிட்டு கடைக்காரக சொன்ன வெலைக்குத் தலையாட்டிக்கிட்டு நின்னியாமே. அதே மலரைப் போன வருசம் பழைய பேப்பர்க்காரர்கிட்ட எடைக்குப் போட்டது யாரு? தராசு தட்டுல சரியா நிக்குதான்னு வேற குனிஞ்சு பாத்தே. போகட்டும். பரண்ல இன்னும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு. உங்க அப்பத்தா வாராவாரம் பிரிச்செடுத்து, நூல் கோத்து பைண்டு பண்ணி வச்ச தொடர்கதைக. அதுல பொன்னியின் செல்வன் இருக்கும். 1950லேருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில வந்தது, ஓவியர் மணியம் படத்தோட. கதையை அப்பறம் படி. மொதல்ல கொண்டையைப் பாரு. குந்தவைக்குப் போட்ட கொண்டையை நந்தினிக்குப் போட மாட்டாரு அந்த மனுசன். பேரை மறைச்சுட்டு முதுகைக் காட்டுனாலும் இன்னாருன்னு சொல்லிப்புடலாம். உங்க கூட்டத்துல பத்துப் பேரை வரிசையா நிக்க வச்சு முதுகைக் காட்டச் சொல்லு, பெத்தவகளே முழிப்பாக.

இதுல ஒரு சங்கதி இருக்கு, தையக்காரன் சொல்றேன் கேட்டுக்க. அந்தக் காலத்துப் பத்திரிகையில நிறமெல்லாம் அட்டைக்குத்தான். உள்ள வர்ற கதைப்படம் பெரும்பாலும் கறுப்பு மசிதான். நிறமில்லாம இது பட்டு, இது நூலுன்னு எப்பிடிக் காட்டுறது? மடிப்புலதான். பட்டு வெறச்சு நிக்கும், மடிப்பு ஒடிஞ்சு விழும். நூல்சேலை தொஞ்சு தொங்கும். வாயில் சேலை ஒடம்போட ஒட்டும். கோபுலு விகடன்ல தில்லானா மோகனாம்பாளுக்குப் போட்ட படத்தை எடுத்துப் பாரு, தோளுலேருந்து முந்தி எறங்குற கோட்டை மட்டும் வெரலால தடவிக்கிட்டுப் போ. துணி எங்க நிக்கணும், எங்க விழணும்னு தெரிஞ்சுபோகும். 1968ல அதே கதை சினிமாவா வந்துச்சு. அப்ப நான் கடையில பொத்தான் தைக்கிற பொடியன். பத்மினி போட்ட ஜாக்கெட்டு மாதிரியே வேணும்னு வந்தாக பாரு! எல்லாரும் நிறத்தைச் சொன்னாக, சரிகையைச் சொன்னாக. கை எம்புட்டு எறக்கம், கழுத்து எம்புட்டு அகலம்னு சொன்ன ஆளு ஒண்ணு ரெண்டுதான். அவுகளுக்குத்தான் தச்சது பொருந்துச்சு.

இன்னொண்ணு. படத்துல கதாநாயகியைப் பாக்காத. அவளை அழகாத்தான் வரைவாக, அதுக்குத்தான் சம்பளம். அவளுக்குப் பின்னால காப்பி டம்ளரோட நிக்குற அத்தையைப் பாரு, பஸ்ஸுக்கு நிக்குற டீச்சரம்மாவைப் பாரு. அவுகளை ஓவியரு தெருவுல பாத்து வரைஞ்சிருப்பாரு. முந்தியை இடுப்புல சொருகுன தினுசு, கைப்பை மாட்டுன தோளு, செருப்பு, எல்லாம் நெசம். தெனப்படிக்கு உடுத்த யோசனை வேணும்னா அங்கதான் கெடைக்கும். கதாநாயகியை வச்சுத் தச்சா வருசத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு ஆகும், மிச்ச நாளைக்குப் பீரோவுல தொங்கும்.

ஒருத்தர் உடுத்துனா எல்லாருக்கும் அதுவே வேணுங்கிற சீக்கு இன்னைக்கு வந்ததுன்னு நினைக்காத. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்த நீலத்தைப் பாட்டுக்கார எம்.எஸ். அம்மா உடுத்தப் போயி அது எம்.எஸ். நீலம் ஆயிருச்சு. அந்த நீலத்துக்குத் தோதா ஜாக்கெட்டுத் தைக்க வந்த ஒரு ஆச்சிகிட்ட, சேலை கட்டுனா சாரீரமும் வந்துருமா ஆச்சின்னு கேட்டேன். கூலியில ரெண்டு ரூபாயக் கொறச்சுப்புட்டாக.

நிறத்துக்கு நீ எங்கயும் அலைய வேண்டாம். மார்கழியில விடியக்காலம் எந்திரி. அது நடக்காதுன்னு தெரியும், சொல்லி வைக்கிறேன். வாசல்ல வெள்ளைக் கோலம், சுத்திக் காவி, நடுவுல பச்சைச் சாணி உருண்டை, அது தலையில மஞ்சப் பூசணிப்பூ. நாலு நிறம். அதுல மஞ்சள் எம்புட்டு? உள்ளங்கையளவு. அதான் மொத்த வாசலையும் தூக்கி நிறுத்துது. நீ மஞ்சளை எட்டு கெஜம் வாங்கிப்புட்டு மொகம் வாடித் தெரியுதுன்னு கண்ணாடியைக் கொறை சொல்ற. சித்திரைக்குச் சுங்கடி, கஞ்சி போட்டு. அதே கஞ்சிச் சேலையை ஐப்பசி அடைமழையில கட்டிக்கிட்டுப் போனா பாதி வழியில கூழாயிரும், அன்னைக்கு மெல்லிசா, சட்டுன்னு காயிறதா எடு. ஆடியில காத்தடிக்கும், முந்தியை விரிச்சு விடாம மடிச்சுக் குத்து. ஆடிக்கு நீ தள்ளுபடி மட்டும்தான் பாப்பே, அதையும் பாரு, யாரு வேணாங்கிறது. ஆனா கடைக்குள்ள லைட்டு வெளிச்சத்துல நிறம் முடிவு பண்ணாத. வாசலுக்குக் கொண்டு வந்து வெயில்ல விரிச்சுக் காட்டச் சொல்லு. காட்ட மாட்டேன்னா சேலையை வச்சுட்டு நடையைக் கட்டு.

அம்புட்டுதான். இந்தத் தடவை ஜாக்கெட்டுக்கு வர்றப்ப எந்தப் படத்தை வேணும்னாலும் கொண்டா, போன்ல காட்டு, பைண்டு புஸ்தகத்தையே தூக்கிக்கிட்டு வா. கூடவே ஒடம்புக்குச் சரியா இருக்குற அளவு ஜாக்கெட்டு ஒண்ணும் கொண்டா, படத்துல இருக்குறவ அளவு எனக்கு எதுக்கு? தீபாவளிக்கு வேணும்னா புரட்டாசியிலயே குடுத்துரு. ஐப்பசி பொறந்துட்டா நான் துணி வாங்குறதில்ல, உங்க அப்பத்தா வந்து கேட்டாலும்.