காலைக் காட்டு, தம்பி

கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு இலை போடும்போது, அக்குளில் சார்ட் பேப்பரைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு நுழைவாரே, அவரேதான். சரஸ்வதிபுரமோ நஜர்பாதோ, மைசூருத் தமிழ்க் குடும்பம் எதை எடுத்தாலும் இப்படி ஒருவர் உண்டு. வயசு வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் பெரியப்பா.

பெரியப்பாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி. அண்ணன் வடஆர்க்காட்டிலிருந்து மைசூருக்கு வந்தார். தம்பி கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார். அந்தத் தம்பியின் வாரிசுகளைக் கண்டுபிடிக்காமல் கண்ணை மூடுவதில்லை என்பது பெரியப்பாவின் சபதம்.

சபதத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை இப்படி ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குப் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் என்று பதிவு செய்து, கடைசியில் அங்க அடையாளமும் குறித்துவைத்தார்கள். அந்தப் பட்டியல்கள் இன்று கணினியிலேயே கிடைக்கின்றன. பேரன் தேடிக் கொடுத்தான். அந்தத் தம்பியின் அடையாளம்: இடது கெண்டைக்காலில் தழும்பு.

அன்று பிடித்தது ஊருக்குச் சனி.

பெரியப்பா யாருடைய முகத்தையும் இப்போது பார்ப்பதில்லை. மாப்பிள்ளை அழைப்பில் வந்து நின்ற பையனிடம், "தம்பி, பேன்ட்டைக் கொஞ்சம் மேலே தூக்கு" என்றார். பையன் ஏதோ சடங்கு என்று நினைத்துத் தூக்கினான். ஞாயிற்றுக்கிழமை மாலை அரண்மனைக்கு விளக்குப் போடும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். பெரியப்பா மட்டும் குனிந்து, அரைக்கால் சட்டை போட்ட வெளிநாட்டுக்காரர்களின் கெண்டைக்காலை ஆராய்வார். கோவெண்டர், மூட்லி, மூன்சாமி என்று யாராவது தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெயர் சொல்லிவிட்டால் போச்சு, கைப்பேசி டார்ச்சை அடித்துவிடுவார். தென்னாப்பிரிக்க அணியில் செனுரன் முத்துசாமி ஆட வந்தால், "பேடைக் கழற்றுகிறானா பார்" என்று டிவி முன்னால் நகராமல் உட்கார்ந்திருப்பார்.

"தழும்பு பரம்பரையாக வராது பெரியப்பா, அது எங்கேயோ விழுந்து பட்ட காயம்" என்று டாக்டருக்குப் படிக்கும் பெண் சொன்னாள். "விழுகிற புத்தி பரம்பரையாக வருமில்லையா?" என்றார். அவள் இரண்டு நாள் யோசித்தாள்.

வேர் தேடுகிற பேச்சு நார்வே பக்கம் திரும்பினால் பெருமூச்சு விடுவார். 1825-இல் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டொரேஷன்' கப்பலில் அமெரிக்கா போனவர்களின் கொள்ளுப்பேரர்கள், தேவாலயப் பதிவேட்டையும், பண்ணைவாரியாகக் குடும்பங்களை எழுதிவைத்த ஊர்ப் புத்தகங்களையும் புரட்டித் தங்கள் பூர்வீகப் பண்ணையின் வாசலிலேயே போய் நிற்கிறார்கள். நமக்கோ தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறுகிறது. சின்னசாமி மகன் முனுசாமி என்று பட்டியலில் தேடினால், ஒரு தெருவையே நிரப்பும் அளவுக்கு முனுசாமிகள் வருகிறார்கள். அந்த விஷயத்தில் பெரியப்பா மேல் நிஜமாகவே இரக்கம் வரும். அத்தனை முனுசாமிகளையும் நோட்டில் பென்சிலால் எழுதி, ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வருகிறார்.

ஆனால் அந்தச் சார்ட்டை ஒருநாள் விரித்துப் பார்க்க வேண்டும். ஏழு தலைமுறை, கிளை கிளையாகப் பெயர்கள். அத்தனையும் ஆண்கள். ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்பிய வெள்ளைக்கார அரசு, நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்று விதி வைத்திருந்தது. ஏறிய பெண் ஒவ்வொருத்திக்கும் பட்டியலில் தனி எண், தனி வரி, சொந்தப் பெயர். ஆட்களைக் கூலியாகக் கணக்கெழுதிய குமாஸ்தாவே அதைச் செய்திருக்கிறான். பெரியப்பாவின் சார்ட்டில் பெரியம்மாவுக்கு ஒரு வரி கிடையாது. பெரியப்பா பெயருக்குப் பக்கத்தில் 'மனைவி' என்றுகூட இல்லை. டர்பனுக்குப் பேசும் ஐஎஸ்டி பில்லை அந்தக் காலத்தில் தன் டீச்சர் சம்பளத்தில் கட்டியவர் அவர். தேடி வருகிற ஒவ்வொரு சந்தேகச் சொந்தத்துக்கும் இன்றுவரை காபி போடுகிறவரும் அவர்தான்.

அடுத்த கல்யாணத்தில் பெரியப்பா உங்களிடம் வந்தால் காலைத் தாராளமாகக் காட்டுங்கள். பென்சிலை மட்டும் வாங்கி, சார்ட்டில் பெரியம்மாவின் பெயரை எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.